மழைக்கு வாசித்தவர்

கல்யாண வீட்டில் நாயனக்காரர் ஒரு ராகத்தைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோய்க் கொண்டிருப்பார். அவருக்கு எதிரிலேயே நாலு பேர் நாற்காலியை வட்டமாகப் போட்டுக்கொண்டு நிலத்து விலை பேசுவார்கள். நாயனத்தின் சத்தம் கூடினால் அவர்களும் குரலைக் கூட்டுவார்கள். ஐயர் கையை அசைத்ததும் எல்லோரும் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்துவார்கள். அந்த ஒரு நிமிடம்தான் அப்படி ஒரு மனிதர் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியும். பிறகு பந்திக்கு ஓடுவார்கள். கடைசிப் பந்தியில் அவருக்கு இலை போடுவார்கள், அதுவும் யாராவது ஞாபகப்படுத்தினால்.

இதே ஆட்கள்தான் மேடை கிடைத்தால் இசை நோயைத் தீர்க்கும், மனதை ஆற்றும் என்று அளந்து விடுவார்கள். கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். தீர்க்கும், ஐயா. தீர்த்ததை நான் கண்ணால் பார்த்தவள். தீர்த்த மனிதரை எங்கள் ஊர் என்ன செய்தது என்பதையும் பார்த்தவள். எனக்குக் கோபம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டு வழியாக ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அறுபதுகளின் நடுவில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியது. பருத்தி முளைத்து, நாலு இலை விட்டு, கருகியது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். பெண்கள் குடத்தோடு வரிசையில் உட்கார்ந்து, சிரட்டையால் கோரிக் கோரி ஊற்றினால் அரை நாளில் ஒரு குடம் நிறையும்.

அப்போது எனக்கு இருபது வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அய்யாவும் நானும் மதினியும். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் நாலு பேர் சொன்னால் எடுபடும் என்றால் அந்த நாலு பேரில் அவரும் ஒருவர். அண்ணன் பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். மாதம் ஒரு தடவை வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போவார்.

மதினி அண்ணனின் மனைவி. திருச்சுழிக்காரர். முதல் பிள்ளை பிறந்து பத்தொன்பதாம் நாள் இறந்துபோனது. மதினி அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், அதன் பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயில் வைத்து ஊட்டினால் இரண்டு வாய் கஞ்சி உள்ளே போகும், மூன்றாவது வாய் கடைவாயில் வழியும். பேச்சு கிடையாது. அருப்புக்கோட்டை டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். கோடாங்கி வந்து உடுக்கு அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார். டானிக்கும் கயிறும் அப்படியே இருந்தன, மதினி மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனார். புரட்டிப் படுக்க வைக்கும்போது முதுகெலும்பு என் கையில் தட்டுப்படும்.

ஒரு நாள் அய்யா முற்றத்தில் நின்று, உள்ளே கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, உரக்கவே சொன்னார்: “ஆடி முடியட்டும். அதுக்குள்ள எந்திரிக்கலேன்னா பொறந்த வீட்டுல கொண்டு போயி விட்டுருவோம். அவனுக்கும் வயசு போகுதில்ல.”

அதாவது மதினியை அனுப்பிவிட்டு அண்ணனுக்கு வேறு கல்யாணம். நான் பாத்திரத்தைத் தரையில் போட்டு உடைக்காத குறை. அய்யாவை எதிர்த்துப் பேச எனக்கு அப்போது தைரியம் இல்லை. மதினி பிறந்த வீட்டுக்குப் போகும்வரை இருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊர் கூடியது. கிழக்குத் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். டவுனுக்கு அடிக்கடி போய் வருகிறவர், அங்கே கேட்டதையெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல இங்கே வந்து சொல்கிறவர். மழைக்கென்றே ஒரு ராகம் இருக்கிறது, அதைக் கண்மாய்க்குள் நின்று பதினோரு நாள் வாசித்தால் பன்னிரண்டாம் நாள் மழை நிச்சயம் என்றார். ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும், வேறு எதுவும் மிச்சமில்லையே. பாலவனத்தத்திலிருந்து ஒரு நாயனக்காரரைப் பேசி முடித்தார்கள்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். தவில்காரரும் ஒத்து ஊதுகிறவரும் தினமும் காலையில் வந்து, வாசிப்பு முடிந்ததும் திரும்பிப் போகலாம் என்று விட்டார்கள். நாயனக்காரர் மட்டும் பதினோரு நாளும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதோடு விரதமும் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் சாமி காரியம் எதுவானாலும் செய்கிறவர் விரதம் இருப்பது வழக்கம். முளைப்பாரி வளர்க்கிற பெண்கள் ஒரு பொழுது மட்டும் உப்பில்லாமல் சாப்பிடுவார்கள். பொங்கல் வைக்கிறவரும் அப்படித்தான். அதே சட்டத்தைத் தூக்கி நாயனக்காரர் தலையிலும் வைத்தார்கள். ஒரு நேரம், உப்பில்லாத வரகரிசிக் கஞ்சி. மூச்சை வைத்துத் தொழில் செய்கிற மனிதரைப் பட்டினி போட்டுவிட்டு, ஊது ஊது என்று ஆடி வெயிலில் நிறுத்துகிற அறிவு எங்கள் ஊருக்கு மட்டும்தான் இருந்திருக்கும். கூட்டத்தில் ஒருவருக்காவது இது தோன்றியதா? இல்லை. உழவு மாட்டுக்குத் தீனி போடாமல் ஏர் பூட்டுவார்களா? மாட்டைப் பற்றித் தெரியும். மனிதரைப் பற்றித் தெரியாது.

எங்கள் வீட்டில் பருத்தி போட்டு வைக்கிற அறை அந்த வருடம் காலியாகக் கிடந்தது. அவரை அதில் தங்க வைத்தார்கள். அந்த அறைக்கும் மதினி படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற வேலை என்னுடையது.

காலையில் கண்மாய்க்குள் ஊரே கூடும். அவர் கிழக்கே பார்த்து நின்று இரண்டு மணி நேரம் வாசிப்பார். ஊர்க்காரர்கள் அவரைப் பார்க்கவே மாட்டார்கள், அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, தவில் இல்லாமல், சத்தத்தை அடக்கித் தனக்காகக் கொஞ்சம் வாசிப்பார். அது அவர் தினமும் செய்கிற சாதகம். ஊர்ச் சட்டத்தில் அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மதினிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் நாயனம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. சுவரைப் பார்த்தபடியே மதினி பேசினார்.

“ஏன் அங்கயே நிப்பாட்டுறாக?”

நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்தேன். மதினி வாய் திறந்து ஏழு வாரம் இருக்கும். குரல் கரகரவென்று யாரோ ஒருத்தியின் குரல்போல் இருந்தது.

“என்ன மதினி? யாரு நிப்பாட்டுனா?”

மறுபடி நாயனம் எழுந்தது. எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனாலும் அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். அது ஒவ்வொரு படியாக ஏறிப் போனது. ஓரிடத்தில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும் என்று கேட்கிற நமக்கே தெரிகிறது. அங்கே போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று இறங்கிவிடுகிறது. மூன்று தடவையும் அதே இடத்தில்.

“மூச்சு நிக்கல” என்றார் மதினி. “வயித்துல ஒண்ணும் இல்லாம வாசிக்கிறாக. நீ என்ன போடுற அவுகளுக்கு?”

“வரகுக் கஞ்சி. ஒரு நேரம். உப்புப் போடக் கூடாதாம் மதினி, விரதமாம்.”

“நாயனக்காரவுகளுக்கா?”

அந்தக் கேள்வியில் இருந்த கோபத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. மதினி வளர்ந்தது திருச்சுழிக் கோயில் தெருவில். காலையும் மாலையும் நாயனத்தைக் கேட்டே வளர்ந்தவர். கோயில் நாயனக்காரர் வாசிக்கப் போகுமுன் நெய் விட்டுச் சாப்பிடுவார், அதற்காகவே தெருவில் ஒரு வீடு பால் கொடுக்கும், ஒரு வீடு நெய் கொடுக்கும் என்று பின்னாளில் சொன்னார். நாயனம் என்பது அடிவயிற்றிலிருந்து வருவது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியுமாம்.

மறுநாள் மத்தியானம் நான் ஊற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. எனக்கு உயிரே இல்லை. அடுப்படியில் சத்தம் கேட்டு ஓடினேன். மதினி சுவரில் சாய்ந்து, ஒரு கையால் உத்திரக் காலைப் பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளி வந்தால் பொங்குவதற்கென்று அய்யா பானையில் கட்டி வைத்திருந்த நெல்லரிசியை அவிழ்த்திருந்தார். அந்த வருடத்தில் நெல்லரிசி என்பது நகை மாதிரி.

“மதினி, அய்யா கொன்னு போடுவாக.”

“கொல்லட்டும். பூண்டு உரி.”

சோறு பொங்கினோம். பூண்டு ரசம் வைத்தோம். கூட்டி வைத்த ரசத்தை மதினி கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்து உப்புப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார். உப்புப் பார்க்கிற சாக்கில் நாலு கரண்டி ரசம் உள்ளே போனதை நான் எண்ணிக்கொண்டே நின்றேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

இலையைக் கொண்டு போய் வைத்ததும் நாயனக்காரர் பதறிப்போனார். “வேணாம் தாயி. விரதம். ஊருக்குத் தெரிஞ்சா வம்பாயிரும்.”

மதினி கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி சொன்னார். “சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிடுறேன். நீங்க சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு, நேத்து ஓரிடத்துல விட்டு விட்டு வந்தீகளே, அதை முழுசா வாசிங்க. பாதியில விடுறதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க என்னால ஆகல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பசி அவ்வளவு இருந்திருக்கிறது.

அன்று விளக்கு வைத்த பிறகு வாசித்தார். அதே ஏற்றம். அந்த இடம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மதினியைப் பார்த்தேன். நாயனம் இந்தத் தடவை இறங்கவில்லை. மேலே போய், அங்கே நின்று, நின்றுகொண்டே இருந்தது. மதினி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஏழு வாரம் வராத அழுகை. பிள்ளைக்கு இன்னும் பேர்கூட வைத்திருக்கவில்லை, “என் சாமி, என் சாமி” என்று மட்டும் சொல்லி அழுதார். நாயனக்காரர் நிறுத்தாமல் வாசித்தார். மதினி அழுது முடித்து, முகம் கழுவி வந்து, பானையில் மிச்சமிருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து முழுதும் சாப்பிட்டார்.

இசை நோயைத் தீர்க்குமா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

அதற்குப் பிறகு தினமும் மதினி பொங்கினார். நாயனக்காரர் சாப்பிட்டார், வாசித்தார். மதினியும் சாப்பிட்டார். ஆறாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார். அய்யாவுக்கு இதெல்லாம் தெரியாதா? அதே ரசத்தைத்தான் அவரும் ஊற்றிச் சாப்பிட்டார். ஒரு நாள் என்னிடம் தணிந்த குரலில், “அவருக்கு நெய்யி ஊத்துனியா?” என்றுகூடக் கேட்டார். நான் மனது குளிர்ந்துபோய் ஆமாம் என்றேன்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். ஏழாம் நாள் ஊற்றில் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கிழக்குத் தெருப் பெரியவரின் மருமகள் பக்கத்தில் இருந்தாள். “ஒங்க மதினி எப்படி இருக்கா, பாவம்?” என்று கேட்டாள். அந்தப் ‘பாவம்’ எனக்குச் சுருக்கென்றது. “எங்க மதினிக்கு என்ன? எந்திரிச்சு அடுப்படியில நிக்கிறாக. நாயனக்காரருக்கு நெல்லுச் சோறு பொங்கிப் போடுறதே அவுகதான். அவரு சாயங்காலம் வாசிக்கிறதக் கேட்டுத்தான் எந்திரிச்சாக” என்று குடம் குடமாகப் பெருமையை ஊற்றினேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை. நானாகச் சொன்னேன்.

பதினோராம் நாளும் முடிந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் மேற்கே மேகம் கூடியது. பெண்கள் குலவை போட்டார்கள். மேகம் நின்று பார்த்துவிட்டு வடக்கே போய்விட்டது. பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்கள் கூட்டத்தில் நிற்கக் கூடாது. நான் கோயில் சுவருக்குப் பின்னால் நின்றேன்.

ராகத்தைப் பற்றி அளந்த அதே பெரியவர்தான் முதலில் எழுந்தார். மழை வரவில்லை என்றால் யோசனை சொன்னவரைத்தானே ஊர் கேட்கும்? அவருக்குத் தப்பிக்க ஓர் ஆள் வேண்டும்.

“ஏம்ப்பா, வெரதம் ஒழுங்கா இருந்தியா?” என்று நாயனக்காரரைக் கேட்டார். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர் என்பதற்காக மட்டும் ‘நீ’ என்று சொல்லவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாயனக்காரர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “இல்லீங்க. மூணாம் நாள்ல இருந்து சாப்பிட்டேன்.”

“யாரு போட்டா?”

அதற்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

“சரி, நான் சொல்றேன். மழைக்கு வாசிக்க வந்த ஆளு சாயங்காலம் பூரா வீட்டுக்குள்ள ஒரு பொம்பளைக்கு வாசிச்சிருக்கான். கம்மாய்க்கு வர வேண்டியதெல்லாம் அங்க போயிருச்சு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு நடமாடுது. நம்ம கம்மாய் காஞ்சு கெடக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

ஊருக்குப் போக வேண்டிய வாய்க்காலை ஒரு வயலுக்குத் திருப்பிவிட்டதுபோலப் பேசினார். கூட்டம் “ஆமா, ஆமா” என்றது. மனிதர் மூச்சிலிருந்து வருகிற சங்கீதத்தை மடை போட்டுப் பங்கு வைக்கிற ஊர் இது. கல்லெடுத்து எறியலாம்போல் இருந்தது. அதைவிட, ஊற்றில் நான் உட்கார்ந்து பேசியது என் காதுக்குள் அப்படியே கேட்டது.

எல்லோரும் அய்யாவைப் பார்த்தார்கள். அய்யா எழுந்தார். இப்போது சொல்வார் என்று நினைத்தேன். என் மருமகள் சாகக் கிடந்தாள், இந்த மனிதர் காப்பாற்றினார் என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அந்த ஊரிலேயே அவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

அய்யா துண்டைச் சரி செய்துகொண்டார். “எனக்குத் தெரியாம நடந்துபோச்சு. ஊரு சொல்றதுக்குக் கட்டுப்படுறேன். அவரு மத்தியானத்துக்குள்ள கெளம்பட்டும். மால மருவாத ஒண்ணும் வேணாம்.”

வெளியூரிலிருந்து வந்து சாமிக்கு வாசித்தவரை மாலை போட்டு, புது வேட்டி கொடுத்து, தவில் முழங்க எல்லை வரை கொண்டு போய் விடுவது எங்கள் ஊர் முறை. அன்று அவர் நாயனத்தைத் துணிப் பைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். மதினி வாசலில் நின்றார். அவர் நிமிர்ந்து பார்க்காமல், “நேரத்துக்குச் சாப்பிடுங்க தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வெயிலில் பந்தல்குடி ரோடு வரை ஒரு மரம் கிடையாது.

மழை அந்த வருடம் வரவே இல்லை. ஏழெட்டுக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிழைக்கப் போனது. ஒவ்வொரு வீடு பூட்டப்படும்போதும் அவரைத் திட்டினார்கள். அடுத்த வருடம் ஐப்பசியில் மழை கொட்டியது, கண்மாய் நிறைந்தது, யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஆனால் ‘ராசியில்லாத நாயனம்’ என்ற பேர் அவரை விடவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு சந்தை சந்தையாகப் போனது. யாருக்குத்தான் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ராசியில்லாத ஆளைக் கூப்பிடத் துணிச்சல் வரும்?

எழுபதுகளில் நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டையில் இருந்தேன். நாள் பூராவும் தறிச் சத்தம் கேட்கிற தெரு. அண்ணன் ஊருக்கே திரும்பி வந்து விவசாயம் பார்த்தார். மதினிக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து ஏழு வயது ஆகியிருந்தது. காது குத்து வைத்தார்கள். “நாயனம் அவுகதான் வாசிக்கணும். அதே ஊருல, அதே கோயிலுக்கு முன்னால” என்று மதினி ஒரே பிடியாக நின்றார். எனக்கும் அதுதான் ஆசை. ஊரின் மூக்கை உடைக்க வேண்டும், அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே உடைக்க வேண்டும். இரண்டு பேருமாகப் பஸ் ஏறிப் பாலவனத்தம் போனோம்.

அவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. முதலில் என் கண்ணில் பட்டது அவர் கை. விரல், நகம், முழங்கை வரை நீலம். அருப்புக்கோட்டைச் சாயப் பட்டறை ஒன்றில் நூல் முக்கி எடுக்கிற வேலையாம். முகூர்த்தத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை, சாயங்காலம் வீட்டில் வாசிப்பதோடு சரி என்று அவர் மனைவி சொன்னார். எங்களை அடையாளம் தெரிந்ததும் அவர் எழுந்து நின்றார். மதினியைத்தான் பார்த்தார். “நல்லா இருக்கீகளா தாயி?”

நான் முந்திக்கொண்டு பேசினேன். மனதில் வைத்திருந்து வைத்திருந்து புளித்துப்போன விஷயம். “நீங்க சாப்பிட்டதை ஊருக்குச் சொன்னது நான்தான். ஊத்துல வச்சு நான்தான் சொன்னேன். என்னாலதான் உங்களுக்கு இந்தக் கதி.”

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

“சந்தோசத்துல சொல்லியிருப்பீக” என்றார் நாயனக்காரர். “நல்ல சேதியை வெளிய சொல்லாம எப்படி இருக்க முடியும்?”

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மதினி காது குத்து விஷயத்தைச் சொன்னார். அவர் தலையை அசைத்தார்.

“உங்க ஊருக்கு மட்டும் வேணாம் தாயி.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஊர் மடத்தனமான ஊர், பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்த ஊர், ஒரு பெண்ணுக்கு வாசித்து மழையைக் கெடுத்துவிட்டார் என்று வாய் கூசாமல் பொய் சொன்ன ஊர், அந்த ஊருக்கு நீங்கள் ஏன் பயப்பட வேண்டும் என்று கத்தினேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

நான் ஓய்ந்த பிறகு அவர் சொன்னார். “அவுக பொய் சொல்லலை தாயி.”

“என்ன?”

“முத ரெண்டு நாளு மழையை நெனச்சுத்தான் வாசிச்சேன். இவுக சோறு குடுத்து விட்டாகள்ல, அன்னைக்கு செவுத்துக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பெறகு கம்மாய்க்குள்ள நின்னாலும் எனக்கு மழை நெனப்பு வரல. இன்னைக்கு எந்திரிச்சாகளா, சாப்பிட்டாகளான்னுதான் ஓடும். ஊரே வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும். நான் உங்க வீட்டுக்குத்தான் வாசிச்சேன். கேட்டாகன்னா இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?”

அத்தனை வருடமும் பொய், பொய் என்று நான் யாரிடமெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்! மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னால உங்க பொழப்பே போச்சே” என்றார். அவர் நீலக் கையை ஆட்டி அதை மறுத்தார்.

“அந்த மழை அடுத்த வருசம் வந்துருச்சுல்ல தாயி? நீங்க போயிருந்தா வருவீகளா?”

காது குத்தை எங்கள் ஊரில் வைக்க வேண்டாம், மதினி பிறந்த திருச்சுழியில் வைப்பது, அங்கே அவர் வந்து வாசிப்பது என்று அங்கேயே முடிவானது. அந்தச் செய்தியை அய்யாவிடம் சொல்வது என் பொறுப்பு. மறுநாளே ஊருக்குப் போனேன். அய்யா தளர்ந்துபோயிருந்தார். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“குலசாமி கோயில் இங்க இருக்கையில திருச்சுழிக்கு எதுக்கு?” என்றார்.

சொன்னேன். நீலக் கையைச் சொன்னேன், நாயனக்காரர் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். கடைசியாக அவர் கேட்ட கேள்வியையும் அப்படியே அய்யாவிடம் கேட்டேன். மழை அடுத்த வருடம் வந்தது, மதினி போயிருந்தால் வந்திருப்பாரா? அய்யா திகைத்துப்போவார், இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று வருந்துவார் என்று எதிர்பார்த்தேன்.

அய்யா முகத்தைக்கூடத் திருப்பவில்லை. “இதை அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கூட்டத்துல எந்திரிச்சு நிக்கும்போதே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் அப்படிச் சொன்னீக?”

“உண்மையைச் சொன்னா ஊரு நம்மளத் திட்டும். அவரைச் சொன்னா அவரு போயிருவாரு.”

அய்யா இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஊர் தெரியாமல் செய்தது, அதன் மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஊற்றில் வாயை விட்ட என்னையும் நாயனக்காரர் மன்னித்துவிட்டார். அய்யாவுக்குத் தெரிந்திருந்தது.